‘நான் யார்?’ என்று வரையச் சொன்னால் வராது

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். வாரம் ஒரு முறை, 13 முதல் 17 வயது வரை உள்ள இருபது பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறீர்கள். வரைவதன் வழியாக அவர்கள் தங்களைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் ‘நான் யார்?’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். கைக்கு வந்தவை பந்து, கித்தார், இறக்கை முளைத்த இதயம், பாதி சிரித்துப் பாதி அழும் முகம். மூன்று பேர் வெற்றுத்தாளையே நீட்டிவிட்டார்கள். எங்கே பிசகியது, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

பிசகு தலைப்பில்தான். ‘நான் யார்?’ என்பது ஞானிகள் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்ட கேள்வி. அதற்கு நாற்பது நிமிடத்தில், பக்கத்தில் இருப்பவன் எட்டிப்பார்க்க, ஸ்கெட்ச் பேனாவால் பதில் சொல்லச் சொன்னால், யாராக இருந்தாலும் கையில் கிடைக்கும் முத்திரை ஒன்றை ஒட்டிவிட்டுத் தப்பிக்கத்தான் பார்ப்பார்கள். பந்தும் கித்தாரும் அப்படி வந்தவை. அவை பொய் இல்லை, பாதுகாப்பானவை, அவ்வளவுதான்.

இந்த வயதில் எட்டிப்பார்க்கும் கண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். எந்நேரமும் ஒரு கூட்டம் தன்னையே கவனித்துக்கொண்டிருப்பதாக வளரிளம் பருவத்தினர் உணர்வதற்கு, டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயர் வைத்தார். முகத்தில் ஒரு பரு வந்தால் ஊரே அதைத்தான் பார்க்கிறது என்று தோன்றும் வயது. வரையும்போது ஒரு கையை மடக்கித் தாளை மறைத்துக்கொள்ளும் பிள்ளையை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையை விலக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் நான் வைத்திருக்கும் முதல் விதி அதுதான்.

‘நான் யார், என்ன ஆகப்போகிறேன்’ என்ற இந்தத் தடுமாற்றத்துக்கு ‘அடையாளச் சிக்கல்’ என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். அவருடைய வாழ்க்கையே இங்கே நமக்குப் பாடம். 1902-இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. வளர்ப்புத் தந்தையின் குடும்பப் பெயரோடு வளர்ந்தார். பள்ளி முடித்ததும் ஓவியராக வேண்டும் என்று சில ஆண்டுகள் ஐரோப்பாவில் அலைந்தார். 1927-இல் வியன்னாவில் ஒரு சிறிய பள்ளிக்கு ஆசிரியராகப் போன பிறகுதான், பேசவைத்து மனத்தின் ஆழத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு அவருக்கு அறிமுகமானது. அமெரிக்காவில் குடியேறிய பின்பு ‘எரிக்சன்’ என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். வளரிளம் பருவத்துக்கு ஓர் அவகாசம் வேண்டும் என்று அவர் எழுதினார். முழுப் பொறுப்பும் தலையில் ஏறுவதற்கு முன்னால், பல வேடங்களைப் போட்டுப் பார்த்துக் கழற்றி வைக்க இடம் தரும் காலம் அது. அலைந்து பார்த்தவர் சொன்ன சொல் என்பதால் எனக்கு அதன்மேல் கூடுதல் நம்பிக்கை.

ஓவிய வகுப்பால் தரமுடிந்தது அந்த அவகாசத்தைத்தான். பிள்ளைக்குள் ‘உண்மையான நான்’ ஒன்று ஏற்கெனவே புதைந்து கிடக்கிறது, நாம் தோண்டி எடுத்துக் கொடுக்கப்போகிறோம் என்று நினைத்தால் வகுப்பு விசாரணைக்கூடம் ஆகிவிடும். துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறை இருக்கிறதே, அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும். நான் சொல்லப்போகும் எல்லாமே இந்தத் தாழ்ப்பாளைப் பற்றியதுதான்.

பந்து வரைந்த பையனைப் பற்றி ஒரு வார்த்தை. எரிக்சனின் கருத்தை ஜேம்ஸ் மார்சியா 1966-இல் நான்கு நிலைகளாகப் பிரித்தார்: தேடலும் முடிவும் இல்லாத நிலை, தேடாமலே பிறர் முடிவை ஏற்றுக்கொண்ட நிலை, தேடிக்கொண்டிருக்கும் நிலை, தேடி ஒரு முடிவுக்கு வந்த நிலை. அந்தப் பையன் இவற்றில் எதிலும் இருக்கலாம். ஒரு படத்தை வைத்து நம்மால் சொல்லமுடியாது. ஆனால், ‘பந்து விளையாடாத நாளில் உன் கால் என்ன செய்துகொண்டிருக்கும்?’ என்று கேட்டு அதை வரையச் சொல்லலாம். கேள்வி சிறுத்தால் பதிலுக்கு உயிர் வரும்.

இன்னொரு தடை, கை. பன்னிரண்டு வயதைத் தாண்டும்போது கண் கூர்மையாகிவிடும், கை அதற்கு ஈடுகொடுக்காது. பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை 1947-இல் படிநிலைகளாக விவரித்த விக்டர் லோவன்ஃபெல்டும், இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் தங்கள் படத்தைத் தாங்களே கடுமையாக எடைபோடத் தொடங்குவதைக் கவனித்திருக்கிறார். ‘எனக்கு வரைய வராது’ என்ற வாக்கியம் பிறப்பது இங்கேதான். வரைய வராது என்று முடிவுகட்டிய பிள்ளையிடம் தன்னை வரையச் சொல்வது இரட்டைத் தண்டனை.

அதனால் முதல் வாரம் எல்லாருடைய கையையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆளுக்கொரு சிறிய கண்ணாடி, ஒரு பால்பாயின்ட் பேனா, ஒரு தாள். பென்சில் வேண்டாம், அழிப்பான் அறவே வேண்டாம். கண் கண்ணாடியை விட்டு நகரக்கூடாது, பேனா தாளை விட்டு எழக்கூடாது, தாளைக் குனிந்து பார்க்கவே கூடாது. நெற்றியில் தொடங்கி, எறும்பு ஊர்வதுபோல, முகத்தின் விளிம்பிலேயே ஐந்து நிமிடம் போக வேண்டும். முதல் நிமிடம் கூச்சம், இரண்டாவது நிமிடம் சிரிப்பு. மூன்றாவது நிமிடத்தில் அறை அமைதியாகும். அந்த அமைதியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை. எப்போதும் குறை கண்டுபிடிப்பதற்காகவே கண்ணாடி பார்த்த பிள்ளைகள், முதல் தடவையாக வெறுமனே பார்க்கிறார்கள். காது எங்கே முடிகிறது, புருவத்தில் எங்கே இடைவெளி விழுகிறது என்று.

முடிவில் எல்லார் தாளிலும் கண் காதுக்குக் கீழே இறங்கியிருக்கும், வாய் தாடையைத் தாண்டியிருக்கும். நன்றாக வரைகிறவளுக்கும் அப்படித்தான், வராது என்றவனுக்கும் அப்படித்தான். யார் கெட்டிக்காரர் என்ற பேச்சே அங்கே எடுபடாது. அதற்குப் பிறகுதான் அவர்களோடு வேலை தொடங்கமுடியும்.

அடுத்த வாரத்துக்கு நான் அதிகம் நம்பும் பயிற்சி, பெயர். முகத்தைவிடப் பெயர் நல்ல வாசல். ஏனென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது மூன்று பெயராவது இருக்கும். வருகைப் பதிவேட்டில் இருப்பது ஒன்று, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் ஒன்று, நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் ஒன்று, இணையத்தில் தானே வைத்துக்கொண்டது ஒன்று. யாருக்கும் சொல்லாமல், இப்படி இருந்திருக்கலாமே என்று ஆசைப்பட்ட பெயரும் சிலருக்கு உண்டு. ‘உன்னைக் கூப்பிடும் பெயர்களில் எவை வேண்டுமோ அவற்றை எழுது. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, என்ன நிறம், எந்தப் பொருளால் ஆனது, தாளில் எங்கே இருக்கும் என்பதை நீயே முடிவுசெய்’ என்று மட்டும் சொல்வேன். மரக்கட்டையால் ஆன எழுத்து, முள்கம்பியால் ஆன எழுத்து, ஈரம் சொட்டும் எழுத்து என்று வரத் தொடங்கும்.

ஒரு முறை பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் பதிவேட்டுப் பெயரைத் தாள் முழுக்கக் கட்டம் கட்டமாக எழுதினாள். சாம்பல் நிறம், ஒவ்வொரு எழுத்துக்கும் செங்கல் போன்ற கோடுகள். கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு ஏதோ எழுதி, அதன்மேல் சின்னத் தாள் ஒன்றைத் திறந்து மூடும் கதவுபோல ஒட்டினாள். நான் பக்கத்தில் போனபோது நிமிர்ந்து, “இதைத் திறக்க முடியாத மாதிரி முழுசா ஒட்டிடலாமா?” என்று கேட்டாள். “உன் படம்மா அது” என்றேன். நாலு பக்கமும் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அந்த ஆண்டு முழுவதும் அது அப்படியே இருந்தது. அதற்குள் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் அவளுடைய மற்ற படங்களில் சாம்பல் நிறம் குறைந்துகொண்டே வந்தது. ஒட்டிவைக்க இடம் கிடைத்ததால்தான் மற்றவற்றைத் திறக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

படம் கைக்கு வந்ததும் நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான வகுப்புகள் கவிழ்கின்றன. ‘ஏன் கறுப்பாக இருக்கிறது, மனசு சரியில்லையா?’ என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் எல்லாரும் சூரியனும் மலையும் வரைந்து தருவார்கள். கறுப்பு நிறம் சோகம், சிறிய உருவம் தாழ்வு மனப்பான்மை என்று வாய்ப்பாடுபோலப் படிக்கும் பழக்கம் பழையது. ஆள், வீடு, மரம் வரையவைத்து ஆளுமையைக் கணிக்கும் சோதனைகள் 1940-களிலேயே வந்துவிட்டன. ஆனால் தனி ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் மனநிலையைச் சொல்வது நம்பத்தக்கதல்ல என்பதே பின்வந்த ஆய்வுகளின் போக்கு. கறுப்புப் பேனாதான் கையில் இருந்தது என்பதாலும் படம் கறுப்பாக இருக்கலாம்.

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், பொருள் சொல்லாதீர்கள். ‘இங்கே கோடு அழுத்தமாக இருக்கிறது, அங்கே மெலிந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம். பேச விரும்பும் பிள்ளை அந்த இடைவெளியில் பேசும். கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் படத்துக்குள் இருக்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள்: ‘இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?’, ‘இந்தச் சட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?’ பிள்ளை கதவைப் பற்றிப் பேசுவதுபோலத் தன்னைப் பற்றிப் பேசலாம், வேண்டாமென்றால் வெறும் கதவைப் பற்றியே பேசிவிட்டும் போகலாம். ‘இது நீதானே?’ என்று மட்டும் கேட்காதீர்கள். தாழ்ப்பாளை வெளியிலிருந்து தள்ளிப் பார்ப்பது அது.

இதை நான் கற்றுக்கொள்ளக் காரணமான பிழை ஒன்று உண்டு. வேலைக்கு வந்த புதிதில், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வீட்டு உணவு மேசையை வரைந்தான். நான்கு நாற்காலி, மூன்றில் ஆள், நான்காவதில் கோட் மட்டும் தொங்கியது. அபாரமான படம். பெருமை தாங்காமல் பெற்றோர் கூட்டத்தில் அவன் அப்பா அம்மாவிடம் எடுத்துக் காட்டினேன். அந்த இருவர் முகமும் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு என்னிடம் கோபமாக ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆண்டு முடியும் வரை ஒழுங்காக வந்தான், கொடுத்த வேலையைச் செய்தான், பூச்சாடி வரைந்தான். அவன் வரைந்த பூச்சாடிகளை இன்றைக்கும் என்னால் மறக்கமுடியவில்லை.

அன்றிலிருந்து, படத்தை யார் பார்க்கலாம் என்பதை வரைந்தவர்தான் முடிவுசெய்வார் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்: எல்லாரும் பார்க்கலாம், ஆசிரியர் மட்டும், யாரும் வேண்டாம். மூன்றாவது வகைத் தாள்களைப் பிள்ளையே உறையில் போட்டு ஒட்டி வைத்துக்கொள்ளும். கிழித்துப் போடவும் உரிமை உண்டு. கண்காட்சி வைத்தாலும் இதே விதி. பத்துப் படம்தான் தேறியது என்றால் பத்துப் படக் கண்காட்சி நடக்கட்டும். மதிப்பெண் கட்டாயம் என்றால் வந்தது, முயன்றது, பொருள்களைக் கையாண்டது ஆகியவற்றுக்குக் கொடுங்கள். தன்னைப் பற்றி எவ்வளவு ‘மனம் திறந்து’ சொன்னது என்பதற்கு ஒரு மார்க்கும் இருக்கக்கூடாது.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு, அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் நான் ரகசியம் காக்கமாட்டேன், உதவி தேடுவேன், ஆனால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். இருண்ட படம் வந்துவிட்டாலே ஆபத்து என்று பொருள் இல்லை. அந்த வயதில் மரணத்தைப் பற்றி யோசிப்பதும் வரைவதும் இயல்பு. ஆனால் தன்னைத் துன்புறுத்திக்கொள்வது திரும்பத் திரும்ப வருகிறது, கூடவே பிள்ளை தூக்கம், நட்பு, சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் விலகுகிறது என்றால் தனியாக அழைத்து நேராகக் கேளுங்கள். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு மூச்சுவிட இடம் தருகிறது. அதற்குப் பிறகு மனநல வல்லுநரிடம் சேர்த்துவிட வேண்டும். நாம் ஓவிய ஆசிரியர்கள். கலைவழி உளசிகிச்சை என்பது தனியாகப் பயின்று செய்யும் தொழில். அதை நாம் கையில் எடுக்கக்கூடாது.

பெரிய ஓவியர்களைக் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காட்டுங்கள், ஆனால் பிள்ளைகள் வரைந்து முடித்த பிறகு. முன்னாலேயே காட்டினால் பிரதி எடுப்பார்கள். கண்ணாடிப் பயிற்சி முடிந்த வாரம் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1630-இல், செப்புத்தகட்டில் கோடு கீறித் தாளில் அச்செடுத்துச் செய்த செதுக்கோவியங்களைக் காட்டுவேன். கண்ணாடி முன்னால் நின்று கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, இளித்து, முறைத்துத் தன் முகத்தையே போட்டுப் பார்த்திருக்கிறார். சில படங்கள் தபால்தலையைவிடச் சற்றுத்தான் பெரியவை. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குக்குள். ஒரு முகம் எத்தனை முகமாக முடியும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

பெயர்ப் பயிற்சிக்குப் பிறகு மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ. பதினெட்டு வயதில், 1925-இல், பேருந்து விபத்தில் உடல் நொறுங்கிப் படுக்கையில் கிடந்தபோது, படுத்தபடியே தன்னைப் பார்த்து வரைவதற்காகக் கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்தினார்கள். 1939-இல், மணமுறிவுக் காலத்தில், ‘இரு ஃப்ரீடாக்கள்’ வரைந்தார். ஒருத்தி ஐரோப்பிய பாணி வெள்ளைக் கவுனில், இன்னொருத்தி மெக்சிகோவின் தெஹுவானா உடையில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கைகோத்திருக்கிறார்கள். இருவர் இதயமும் வெளியே தெரிகிறது. ஒரே ரத்தக்குழாய் இரண்டையும் இணைக்கிறது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, நண்பர்களிடம் வேறு ஒரு குரல் என்று வாழும் பிள்ளைகள் இந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நிற்பார்கள். இரண்டில் எது உண்மையான ஃப்ரீடா என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், அவர்களையே பேச விடுங்கள். கைகோத்திருக்கிறார்களே என்று ஒரு பிள்ளையாவது சுட்டிக்காட்டும்.

வரையவே பிடிக்காதவர்களுக்குக் கத்தரியும் பழைய பத்திரிகைகளும் போதும். வெட்டி ஒட்டுவதில் நல்லது என்னவென்றால், ஒட்டுவதற்கு முன் நூறு முறை நகர்த்திப் பார்க்கலாம். செல்போனும் நல்ல கருவிதான். ‘உன் முகம் வராமல், உன்னைப் பற்றி ஐந்து புகைப்படம் எடு’ என்று சொல்லுங்கள். ஃபில்டர் போட்ட செல்ஃபியில் பழகிய பிள்ளைகளுக்கு இது முதலில் கடினம், பிறகு பெரிய விடுதலை. செருப்பு, மேசை இழுப்பறை, ஜன்னல், தம்பியின் முதுகு என்று வரும்.

வெற்றுத்தாள் கொடுத்த மூன்று பேரைத்தான் கடைசியாக வைத்திருந்தேன். வெற்றுத்தாளும் பதில்தான். ‘இப்போது சொல்ல விருப்பமில்லை’ என்பதை அவர்கள் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். இறக்கை முளைத்த இதயத்தைவிட அதில் உண்மை அதிகம். அவர்களை வற்புறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். உங்கள் பெயர்களை நீங்களும் எழுதுங்கள், எழுத முடியாத ஒன்றின்மேல் நீங்களும் தாள் ஒட்டுங்கள். நான் வரையும்போது பக்கத்தில் சும்மா இருந்த பிள்ளைகள், இரண்டு வாரம் கழித்து, ‘அந்தப் பச்சையை இப்படிக் குடுங்க’ என்று கை நீட்டியிருக்கிறார்கள். சிலர் கடைசிவரை நீட்டவில்லை. அவர்களுடைய இருக்கையும் அப்படியே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் எல்லாரிடமும் கட்டாயமாக்குங்கள்: ஒவ்வொரு தாளிலும் தேதியும் வயதும் எழுத வேண்டும். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் பதின்மூன்று வயதில் வெள்ளிமுனைக் கோலால் தன்னை வரைந்த படம் வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லேசில் அழித்துத் திருத்தமுடியாத கருவி அது. வளர்ந்து பெயர் பெற்ற பிறகு அதே தாளின் மேற்புறத்தில் அவர் எழுதிவைத்தார்: 1484-இல், நான் இன்னும் சிறுவனாக இருந்தபோது, கண்ணாடியில் பார்த்து என்னை நானே வரைந்தது. உங்கள் பிள்ளைகளின் தாள்களிலும் மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு வரையச் சொல்லுங்கள்.